அரிக்கும் நாய்க்குப் புரோபயாட்டிக்: எப்போது, எவ்வளவு, எப்படி

நாய் ஓயாமல் சொறிகிறது, பாதத்தை நக்கி நக்கிச் சிவக்க வைக்கிறது என்றதும் பலரும் முதலில் வாங்குவது புரோபயாட்டிக் பவுடரைத்தான், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் உயிர் நுண்ணுயிர்கள் கலந்த பவுடரை. வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதைத் தொடங்க வேண்டிய இடம் வரிசையின் கடைசி. தெள்ளுக்கடி, சிரங்குப் பூச்சி, பாக்டீரியா அல்லது ஈஸ்ட் தொற்று, உணவு ஒவ்வாமை, தூசி மகரந்தம் போன்றவற்றால் வரும் அட்டோபி ஒவ்வாமை என அரிப்புக்குக் காரணங்கள் பல. இவற்றில் முதல் மூன்றும் புரோபயாட்டிக்கால் தீராது. அவை இருக்கும்போது பவுடர் கொடுத்துக்கொண்டே இருந்தால் நாய்க்கு வேதனை கூடுவதுதான் மிச்சம்.

எங்கே சொறிகிறது?

வாலடி, இடுப்பின் மேற்பக்கம், பின்தொடை ஆகிய இடங்களைக் கடித்துக்கொண்டால் முதல் சந்தேகம் தெள்ளு. நெருங்கிய பல்லுள்ள தெள்ளுச் சீப்பால் வாலடியை வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் தெள்ளு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வாமை உள்ள நாய் தன்னைக் கடித்துக் கடித்தே தெள்ளுகளை விழுங்கிவிடும். அரிப்பைக் கிளப்ப ஓரிரு கடியே போதும். தெள்ளு மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் குறைந்தது 3 மாதம் விடாமல் போட வேண்டும். உடம்பில் தெரியும் தெள்ளு சிறு பங்குதான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் படுக்கையிலும் தரையிலும் இருக்கின்றன. கூட்டுப்புழுவைப் பூச்சிமருந்து எளிதில் தொடாது. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிர்க்கொல்லி. வீட்டில் பூனை இருந்தால் அந்த மருந்தே வேண்டாம்.

காது ஓரம், முழங்கை, பின்கால் மூட்டு ஆகிய இடங்களில் முடி கொட்டிப் பொருக்கு கட்டினால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். காது மடலின் ஓரத்தை விரலால் தேயுங்கள். பின்னங்கால் தானாகச் சொறிய எழுந்தால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இந்தப் பூச்சி பல நேரம் அகப்படாது. அதனால்தான் சோதனையில் ஒன்றும் தெரியாதபோதும் மருத்துவர் சிரங்கு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்.

பாதம், முகம், காதின் உட்புறம், அக்குள், அடிவயிறு என்றால் அட்டோபி அல்லது உணவு ஒவ்வாமை. பார்வையால் இரண்டையும் பிரிக்க முடியாது. அட்டோபி பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். உணவு ஒவ்வாமை எந்த வயதிலும் வரும், பருவம் பார்க்காது, சில நாய்களுக்கு இளகிய மலமும் கூடவே இருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு, புளித்த வாடை, கறுத்துத் தடித்த தோல் என்றால் மலாசீசியா ஈஸ்ட்டாக இருக்கலாம். சீழ்ப்பருவும் வட்ட வட்டமாகச் செதிலும் பாக்டீரியாவின் அடையாளம். கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை சில நிமிட வேலைதான், கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். தொற்றை ஆற்றாமல் விட்டால் எந்த அரிப்பு மருந்தும் பாதி வேலைதான் செய்யும்.

குளியல்

தொற்று இருந்தால் குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூ, ஈஸ்ட் என்றால் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீத மைக்கோனசோலும் சேர்ந்தது. தொடக்கத்தில் வாரம் இருமுறை. தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது, சூடு அரிப்பைத் தூண்டும். நுரை 10 நிமிடம் தோலில் நிற்க வேண்டும். கடிகாரம் பார்த்தே காத்திருங்கள், பெரும்பாலோர் 2 நிமிடத்தில் அலசிவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள். விரலிடுக்கை உலரத் துடைக்காவிட்டால் ஈஸ்ட் அங்கேயே திரும்ப வளரும். மனிதர்களின் ஷாம்பூ வேண்டாம். நம் தோலைவிட நாயின் தோலுக்கு அமிலத்தன்மை குறைவு. நக்கக்கூடிய இடத்தில் துத்தநாக ஆக்சைடு களிம்பு, டீ ட்ரீ எண்ணெய் இரண்டும் நஞ்சு. உலா போய் வந்ததும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது மகரந்த ஒவ்வாமைக்கு எளிய உதவி.

மீன் எண்ணெய் கொடுப்பதானால் கேப்சூலின் மொத்த எடையைப் பார்க்காதீர்கள். இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பமிலங்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு. 1,000 மி.கி. கேப்சூல் பலவற்றில் அது 300 மி.கி. அளவே. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 500 முதல் 700 மி.கி. வரை, கால் அளவில் தொடங்கி 2 வாரத்தில் ஏற்றலாம். கணைய அழற்சி வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். காட் கல்லீரல் எண்ணெய் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி மிகுதி.

உணவுச் சோதனையைக் கெடுப்பது எது?

உணவு ஒவ்வாமையை உறுதி செய்ய வழி ஒன்றுதான். நாய் இதுவரை தின்றிராத புரதமோ, ஹைட்ரோலைஸ்டு உணவோ (புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்தது) 8 வாரம், அதைத் தவிர வேறெதுவும் இல்லை. முடி, எச்சில், ரத்தம் என்று விற்கப்படும் உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகளை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

இந்த 8 வாரத்தைக் கெடுக்கும் பொருள்களில் புரோபயாட்டிக் பவுடரும் ஒன்று. நாய் விரும்பித் தின்ன வேண்டும் என்று பலவற்றில் கோழி ஈரல் அல்லது விலங்குப் புரதச் சுவை சேர்க்கிறார்கள். மென்று தின்னும் தெள்ளு மாத்திரை, பற்பசை, ஜெலட்டின் கேப்சூல், பூனையின் தட்டு ஆகியவையும் அதே கணக்கில் வரும். எனவே சோதனைக் காலத்தில் புதிதாகப் புரோபயாட்டிக் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவந்தால் சுவையூட்டி இல்லாததற்கு மாற்றுங்கள். 8 வாரத்தில் அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். 14 நாளுக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவே காரணம் என்று சொல்ல முடியும். நன்றாக இருக்கும் நாயை ஏன் சீண்ட வேண்டும் என்று மனம் தயங்கும், ஆனால் இதைத் தவிர்த்தால் பருவ மாற்றத்தால் குறைந்த அரிப்பையும் உணவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இனி புரோபயாட்டிக்

உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடலில் இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அவற்றின் போக்கை மாற்ற முடியும் என்பதே இதன் அடிப்படை. வயிற்றுப்போக்குக்கு இதன் பலன் ஓரளவு தெளிவு. அட்டோபி அரிப்பில் பலன் சிறியது. சில நாய்களுக்கு அரிப்பு குறைகிறது, சிலவற்றுக்கு மாற்றமே இல்லை. ஓக்லாசிடினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி போன்ற அரிப்பை அடக்கும் மருந்துகள் தேவைப்படும் நாய்க்கு அவற்றை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது கொடுமை. அவற்றோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

லேபிளில் நுண்ணுயிரின் பெயரோடு ரகக் குறியும் இருக்க வேண்டும். என்டெரோகாக்கஸ் ஃபேசியம் எஸ்.எஃப்.68, பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் ஏ.எச்.சி.7, லாக்டோபாசிலஸ் ரம்னோசஸ் ஜி.ஜி. ஆகியவை நாய்களிடம் ஆராயப்பட்டவை. வெறும் ‘லாக்டோபாசிலஸ்’ என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். எண்ணிக்கை காலாவதி நாள் வரை உறுதி செய்யப்பட்டதா என்று பாருங்கள். நாய்க்கான தயாரிப்புகள் பலவற்றில் நாளொன்றுக்கு 10 கோடி முதல் 1,000 கோடி உயிர் நுண்ணுயிர்கள் வரை இருக்கும். எண் பெரிதென்பதால் பலன் பெரிதாகாது; ரகத்துக்கு ஏற்ற லேபிள் அளவே சரி. மனிதர்களுக்கான மென்று தின்னும் வகைகளில் சைலிட்டால் இருக்கலாம். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தி, ஈரலையும் கெடுத்துக் கொல்லும்.

தயிர் இதற்கு ஈடாகாது. அதில் எந்த ரகம் எவ்வளவு என்று தெரியாது. பால் பொருள்களோ நாய்களுக்கு அடிக்கடி ஒவ்வாமை தருபவை.

முதல் 3 நாள் கால் அளவு, அடுத்த 3 நாள் அரை, 7ஆம் நாள் முதல் முழு அளவு. ஆறிய உணவில், தட்டை வைக்கும் நொடியில் தூவுங்கள். சூடு நுண்ணுயிரைக் கொல்லும். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விட்டால் பாதி மாதத்திலேயே சரக்கு வீணாகும். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாளில் இரண்டுக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி. சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற புரோபயாட்டிக் ஈஸ்ட் வகை என்பதால் ஆன்டிபயாட்டிக்குக்குத் தாங்கும், ஆனால் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தோடு கொடுத்தால் பயனில்லை. வாயுவோ இளகிய மலமோ வந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். பல நேரம் காரணம் பவுடரில் சேர்ந்திருக்கும் இனுலின் போன்ற நார். 3 நாளில் சரியாகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கடும் நோயில் இருக்கும் நாய்க்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கும் நாய்க்கும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

தொடங்கும் முன்பே அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே ஆள் போட வேண்டும். இந்தக் காலத்தில் உணவு, ஷாம்பூ, மருந்து எதையும் மாற்றாதீர்கள். மலம் 2 வாரத்துக்குள் சீராகலாம், அரிப்பைப் பற்றிப் பேச 8 முதல் 12 வாரம் ஆகும். மதிப்பெண் 2 புள்ளிகூட இறங்காவிட்டால் அந்தப் பணத்தைத் தெள்ளு மருந்துக்கோ நல்ல ஷாம்பூவுக்கோ செலவிடுங்கள். இறங்கியிருந்தால் 3 வாரம் நிறுத்திப் பாருங்கள். கொடுத்த நுண்ணுயிர்கள் குடலில் நிலையாகத் தங்குவதில்லை; பலன் அதனால்தான் என்றால் மதிப்பெண் மெல்ல ஏறும், அப்போது முழு அளவிலேயே மறுபடி தொடங்கித் தினமும் கொடுங்கள்.