ஆடு மேய்ப்பவரோடு பழக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குடியேறியவர்கள், பக்கத்து மேய்ச்சல் நிலத்து ஆட்டுக்காரரோடு பழகப் பாஷைதான் தடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது பாஷை இல்லை, ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவில் நாம் நடந்துகொள்ளும் விதம்.

அவரைக் கண்டதும் மந்தைக்குள் புகுந்து நேராக நடப்பதுதான் முதல் தவறு. செம்மறி ஆடு அந்நிய ஆளை ஓரளவுக்கு மேல் அண்ட விடாது. அந்த எல்லையைத் தாண்டினால் மொத்த மந்தையும் மிரண்டு ஓடும். பாடுபட்டு ஒன்றுசேர்த்த ஆடுகளைக் கலைத்துவிட்டு வணக்கம் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ஓரமாகச் சுற்றிப் போய், அவர் பார்வையில் படும்படி நின்று, கூப்பிட்டபின் கிட்டே போங்கள். வெயில் நேரத்தில் ஆடுகள் படுத்து அசைபோடும்போது அவருக்கும் பேச நேரம் இருக்கும். பால் கறக்கும் நேரத்திலும் பட்டியில் அடைக்கும் நேரத்திலும் போகாதீர்கள்.

ஓநாய், கரடி உள்ள இடங்களில் மந்தையோடு பெரிய காவல் நாய்கள் இருக்கும். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ந்தவை அவை. குரைத்துக்கொண்டு வந்து உங்களுக்கும் ஆட்டுக்கும் குறுக்கே நிற்கும். ஓடினாலோ குச்சியை ஓங்கினாலோ ஆபத்து. நின்றுவிடுங்கள். கண்ணுக்கு நேராக முறைக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். சைக்கிளில் வந்தால் இறங்கி, அதை நாய்ப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடங்கள். பிஸ்கட் போட்டு நாயைச் சிநேகம் பிடிக்கவே வேண்டாம். கண்டவர் கையில் தின்னப் பழகிய நாய் காவலுக்கு உதவாது. உங்கள் நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆட்டுக்குத் தீனி போடுவது இன்னொன்று. ரொட்டி, அரிசி, தானியம் திடீரென்று நிறையத் தின்றால் வயிற்றில் புளித்து அமிலம் ஏறி, ஆடு செத்தே போகலாம். தோட்டத்தில் வெட்டிய கிளைகளை வேலிக்கு அப்பால் வீசுவதும் அப்படித்தான். அதில் அரளி கலந்திருந்தால் சில இலைகளே போதும்.

உதவுகிறேன் என்று உரோமத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும். தாடைக்கு அடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை என்று பிடிக்க வேண்டும். தனியாகப் படுத்திருக்கும் குட்டியைத் தூக்கவும் வேண்டாம். தாய் அருகில்தான் மேயும். நம் வாடை ஏறிய குட்டியை அது ஒதுக்கிவிடவும் கூடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மல்லாந்து கிடந்து காலை உதைக்கும் ஆடு. தானாக எழ முடியாமல் வயிறு உப்பிச் சில மணி நேரத்தில் இறந்துவிடும். ஆட்டுக்காரர் கூப்பிடு தூரத்தில் இல்லையென்றால் நீங்களே புரட்டிவிட்டு, கால் ஊன்றும்வரை தாங்கிப் பிடியுங்கள். பிறகு அவரிடம் சொல்லுங்கள். பத்து நாள் பேசிப் பெறாத மதிப்பு அதில் கிடைக்கும்.

வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவாருங்கள். "எத்தனை ஆடு வைத்திருக்கிறீர்கள்?" என்பது பல இடங்களில் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். புல்லைப் பற்றியோ நாயின் வயதைப் பற்றியோ கேளுங்கள்.

கர்ப்பிணிகள் குட்டி ஈனும் பருவத்தில் பட்டிப் பக்கமே போகக் கூடாது. ஈன்ற ஆட்டிடமிருந்து கருவைக் கலைக்கும் கிருமிகள் தொற்றலாம். ஆட்டுக்காரர் அன்போடு கறந்த பாலை நீட்டினால் மறுக்காமல் வாங்கி வந்து, வீட்டில் நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள். பச்சைப் பாலில் புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் பரவும்.