மனநல மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால்: கவனித்துக்கொள்பவர்களுக்கு

மனச்சிதைவுக்கோ இருதுருவ மனநோய்க்கோ மருந்து எடுப்பவரிடம் திடீரென எரிச்சல், குழப்பமான பேச்சு, படபடப்பு தெரிந்தால், மனநோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர் ஒருவேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டாலே சர்க்கரை இறங்கி இப்படி ஆகலாம். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது 3-4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் அதே அளவு மீண்டும். கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சர்க்கரை ஏறுவது இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்பும். தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தாலும் வரும். பல மனநல மருந்துகள் வாயை உலர்த்துவதால், குளிர்பானமாகவே குடித்துத் தீர்ப்பவர்களும் உண்டு. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கமும் உதவும். தாகத்தோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்தால் அது அவசர நிலை.

மனநல மருந்துகளில் ஓலன்சபின், க்ளோசபின் இரண்டும் எடையையும் சர்க்கரையையும் அதிகம் ஏற்றுபவை. குவெடியாபின், ரிஸ்பெரிடோன் நடுத்தரம், அரிபிப்ரசோலில் குறைவு. மருந்து தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். எடையை 4, 8, 12-ஆவது வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். 12-ஆவது வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. அப்போது சரியாக இருந்தாலும் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை தேவை. மாத்திரைத் தூக்கத்தால் காலையில் வெறும் வயிற்றில் ஆய்வகம் போக முடியாதவருக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை வசதி, சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம். ஆனால் அது மூன்று மாதச் சராசரி. புது மருந்தால் சில வாரங்களில் விறுவிறுவென ஏறும் சர்க்கரையை அது குறைத்துக் காட்டிவிடும்.

எடை 5 சதவீதம் கூடினால், அதாவது 60 கிலோ உள்ளவர் 63-ஐத் தொட்டால், அடுத்த தேதிவரை பொறுக்காமல் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாறலாமா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றினால் வயிற்றுப்போக்கு குறையும். எடைக்குப் பயந்து மனநல மருந்தை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். நோய் திரும்பினால் சாப்பாடு, தூக்கம், இன்சுலின் எல்லாமே குலையும்.

புகைப்பதை விடுவது மிக நல்லது, ஆனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. புகை, க்ளோசபினையும் ஓலன்சபினையும் உடல் வேகமாகக் கழிக்கச் செய்கிறது. அது நின்றதும் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் உயர்ந்து, மிகுந்த தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். லித்தியம் எடுப்பவருக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகத் தரும் எனலாப்ரில், லோசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் லித்திய அளவை ஏற்றும். சேர்த்தால் ரத்தத்தில் லித்தியம் பார்க்க வேண்டும். எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

தினசரி வேலைகளை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கோத்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டோடு மெட்ஃபார்மினும், செருப்பைக் கழற்றும்போதே பாதம் பார்ப்பதும் நடந்துவிடும். சோர்வு ஆழமாக இருக்கும் நாட்களில் எல்லாவற்றையும் வற்புறுத்தாதீர்கள். மனநல மருந்து, இன்சுலின், சாப்பாடு இம்மூன்றும் நடந்தால் அன்றைக்குப் போதும். தற்கொலை எண்ணம் இருந்தவர் என்றால் இன்சுலினையும் மாத்திரைகளையும் வேறொருவர் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொடுங்கள். அந்த எண்ணம் இப்போது இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அது தூண்டப்படாது. இருக்கிறது என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.