ராணுவ டேங்க் பொம்மை மாடலுக்குள்ள இன்டீரியர் பண்றது எப்படி

முதல்ல ஹேட்ச் (ஆள் ஏறி இறங்குற மூடி) வழியா எது தெரியும்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, அங்க மட்டும் உழைப்பைக் கொட்டுங்க, மத்த மூலைக்கு பெயின்ட் போதும். 1/35 ஸ்கேல்ல, அதாவது நிஜத்தை 35-ல ஒரு பங்கா சுருக்கின மாடல்ல, 0.3 மி.மீ. கம்பி நிஜத்துல ஒரு சென்டிமீட்டர் கேபிள், அதனால பழைய வயரை உரிச்சு உள்ள இருக்கிற செம்பு இழைய மூணு நாலா முறுக்கினா அச்சு அசலா இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலையே இதுதான்.

ரெண்டாம் உலகப்போர் ஷெர்மன்னா (அமெரிக்க டேங்க்) வீரர்கள் இருந்து சுடுற உள்பகுதி வெள்ளை, ஆனா சுத்த வெள்ளை பொம்மை மாதிரி தெரியும், துளி பழுப்பு கலந்துக்கோங்க. காஞ்சதும் மூலைங்களுக்கு பிரவுன் வாஷ், அதாவது தண்ணியா கரைச்ச பெயின்ட். அப்புறம் ஸ்பாஞ்சுல டார்க் பிரவுனைத் தொட்டு, டிஷ்யூல ஒத்திட்டு, பூட்ஸ் உரசுற ஹேட்ச் விளிம்புல லேசா தட்டுங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி டரட்டை (மேல சுத்துற பீரங்கிக் கூண்டை) வச்சு ஒரு சுத்து சுத்திப் பாருங்க, எது இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.