காயில் ஸ்பிரிங்கை வெட்டி டிரக்கின் முன்பக்கத்தை இறக்குவது எப்படி

வெட்டிய ஸ்பிரிங்கைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கிரைண்டரைத் தொடும் முன் கணக்கு.

வண்டி சமதரையில் நிற்கும்போது, ஸ்பிரிங் உட்காரும் மேல் இருக்கைக்கும் கீழ் இருக்கைக்கும் நடுவே அதன் உயரத்தை அளந்து, வேலை செய்யும் சுற்றுகளால் (முனைகளில் இருக்கையோடு ஒட்டிக் கிடப்பவை நீங்கலாக) வகுங்கள். 260 மி.மீ. உயரம், 8 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 32 மி.மீ. ஆனால் ஸ்பிரிங் லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கை) நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதாவது 65 மி.மீ. பலர் ஏமாறுவது இங்கேதான். முதல் முறை அரைச் சுற்றே தாராளம். ஸ்பிரிங் விறைப்பும் கூடும்: 8 சுற்று 7 ஆனால் 14 சதவீதம், 6 ஆனால் 33 சதவீதம்.

பம்ப் ஸ்டாப்புக்கு (ஆர்ம் மேலே ஏறும்போது தடுக்கும் ரப்பர் கட்டை) உள்ள இடைவெளியையும் பாருங்கள். இறக்கிய பின் விரல்கனம்தான் மிஞ்சும் என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பும் ரப்பரும் மோதும். வழக்கமாகப் பாரம் ஏற்றி ஓட்டும் டிரக்கில் இந்த வேலையே வேண்டாம்.

எல்லா ஸ்பிரிங்கையும் வெட்ட முடியாது. முனை சாய்வாக, திறந்தபடி முடியும் பக்கத்தில் மட்டுமே வெட்டலாம். இரண்டு முனையும் தட்டையாக மடக்கித் தேய்த்திருந்தாலோ, பன்றிவால் போலச் சிறுத்திருந்தாலோ விட்டுவிடுங்கள். வெட்டிய முனை இருக்கையில் உட்காராது. ஒரு பக்கம் நெருக்கமாகச் சுற்றிய ஸ்பிரிங்கில் அந்த நெருக்கச் சுற்றுகளை வெட்டினால் வண்டி அவ்வளவாக இறங்காது, மென்மை மட்டும் போய்விடும்.

இனிக் கழற்றுவது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அது பாயும் திசையில் ஒருபோதும் நிற்காதீர்கள். சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம், ஷாக் அப்சார்பர், ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஆர்மோடு இணைப்பது) மூன்றையும் எடுங்கள். ஸ்பிரிங்குக்குள் சங்கிலி விட்டு சேஸிஸோடு கட்டுங்கள். லோயர் ஆர்ம் அடியில், பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டு) பக்கமாக டிராலி ஜாக்கியைக் கொடுங்கள். ஆர்ம் வளைந்து இறங்கும்போது ஜாக்கியும் உருள வேண்டும், ஆகவே தரை சிமென்டாக இருப்பது நல்லது. பால் ஜாயின்டின் காட்டர் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் வளைகம்பி) உருவி, அதன் நட்டை நாலைந்து மரை மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புத் துண்டு) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதற்குள் இறுகியிருக்கும் டேப்பர் (கூம்பு வடிவத் தண்டு) ‘டப்’பென்று விடும். பிறகு ஜாக்கியைச் சற்று உயர்த்தி நட்டை எடுத்து, மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் நக்கிளைக் கம்பியால் தூக்கிக் கட்டுங்கள்.

முனைக்கு நேர் எதிரே குறியிட்டால் அரைச் சுற்று. மறுபக்க ஸ்பிரிங்கிலும் அச்சாக அதே அளவு. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கால், நிறுத்தி நிறுத்தி வெட்டுங்கள். வைஸில் மரக்கட்டை வைத்துப் பிடியுங்கள். தாடை பதிந்த கீறலில்தான் பிறகு விரிசல் தொடங்கும். கேஸ் கட்டர் கூடவே கூடாது, அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். ஸ்பிரிங்கை வண்டியிலேயே சூடாக்கித் தொய்ய விடுவது அதைவிட மோசம். பிசிறை அரத்தால் எடுத்து பெயின்ட் அடியுங்கள்.

மாட்டும்போது வெட்டிய முனை ஆர்மின் குழிப்பள்ளத்தில் முட்டி நிற்க வேண்டும். முனை எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பல ஆர்ம்களில் துளை இருக்கும். பால் ஜாயின்ட் நட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்குங்கள். காட்டர் பின் துளை சேரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாம், பின்னால் தளர்த்தக் கூடாது. ஆர்மின் உட்பக்க புஷ் (ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்து ரப்பர் உருளை) போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கிய புஷ் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிக் காட்டும், சீக்கிரம் கிழியும்.

பிறகு சேஸிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். லொடலொடத்தால் அளவு மீறிவிட்டது. புது ஸ்பிரிங்தான் வழி. கெட்டியாக இருந்தால் சில நாள் ஓட்டி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து, வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணம்) ஹெட்லைட்டும் சரி செய்யுங்கள். அலைன்மென்டை விட்டால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். வண்டி இன்னும் இறங்க வேண்டும் என்றால் அடுத்து கால் சுற்று, அலைன்மென்டும் மறுபடி.