கெடு எந்தச் சொல்லுக்கு?

ஒரு வரியால் வந்த குழப்பம் ஒருவழியாகத் தீர்ந்தது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளுக்குப் போகும் சுற்றறிக்கையில் இருந்த வரி: "திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கு ரசீது அனுப்பவும்." கெடு பணத்துக்கா, ரசீதுக்கா? ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதில் பல ரசீதுகள் தாமதமாயின.

கிழமையைத் தடித்த எழுத்தாக்கியும் பயனில்லை. 'திங்கட்கிழமைக்குள்' என்பதை அடுத்துக் காற்புள்ளி போட்டால், வாட்ஸ்அப்பில் மறுபடி தட்டுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

கெடுவை நகர்த்தியதும் குழப்பம் நின்றது: "பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்குத் திங்கட்கிழமைக்குள் ரசீது அனுப்பவும்." பலர் கவனிக்காதது இதுதான்: 'கட்டிய' போன்ற பெயரெச்சம் (பெயர்ச்சொல்லைக் கொண்டு முடியும் எச்சவினை) தனக்கு முன்னால் நிற்கும் காலச்சொல்லை இழுத்துக்கொள்ளும். அதனால் காலச்சொல்லைப் பெயரெச்சத்தைத் தாண்டி, வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றின் ('அனுப்பவும்') பக்கம் வையுங்கள். கெடு பணத்துக்குத்தான் என்றால் வாக்கியத்தை இரண்டாக உடைப்பதே நல்லது.

'மட்டும்' அப்படியல்ல, முந்தைய சொல்லையே பிடிக்கும். "காலையில் மட்டும் ரசீது தருவோம்", "காலையில் ரசீது மட்டும் தருவோம்" இரண்டும் வேறு வேறு அறிவிப்புகள்.