3 என்ற எண் 33 ஆனபோது: என் அனுபவம்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, மாலை நான்கு மணிக்கு மேல் பில்லில் உள்ள 3 என்ற எண் பிரிந்து 33 எனத் தெரியத் தொடங்கியது. கண்ணாடிக் கடையில் இருமுறை பவரை மாற்றியும் பயனில்லை. ஒரு கண்ணை மூடினால் எழுத்து உடனே ஒன்றாகிவிடுகிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

கோவையில் பார்த்த கண் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டார். கண்களை மாற்றி மாற்றி மறைத்து அவற்றின் நகர்வைக் கவனித்தபின், பேனா முனையை என் மூக்கை நோக்கிக் கொண்டுவந்தார், 10 செ.மீ.க்குள் வரும்வரை ஒன்றாகவே தெரிய வேண்டிய அது, எனக்கு 20 செ.மீ.யிலேயே இரண்டானது. கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் போதிய அளவு உட்புறம் குவியாததே கோளாறு.

வாசிப்பதற்கு மட்டும், தடித்த விளிம்பு மூக்குப் பக்கம் அமைந்த பிரிசம் கண்ணாடி தந்தார். அது ஒளியை வளைத்துக் கண்களின் சுமையைக் குறைக்குமே தவிர, குவியும் திறனைக் கூட்டாது. அதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது: கதவுக் கைப்பிடியில் கட்டிய நூலில் (எங்கள் ஊரில் நூலுக்கா பஞ்சம்!) மூன்று மணிகளைக் கோத்து, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்து ஒரு மணியை உற்றுப் பார்த்தால், நூல் இரண்டாகி அந்த மணியிலேயே குறுக்காக வெட்டிக்கொள்வதாகத் தெரிய வேண்டும். முதல் வாரம் தலைவலிதான் மிச்சம். மூன்று மாதங்களுக்குப் பின் பேனா 8 செ.மீ. வரை ஒன்றாகவே வந்தது.