போர்டு கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? ஐடிஈ-யை விட்டுவிட்டுக் கேபிளைப் பிடியுங்கள்

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற நிரல் ஏற்றும் சிறு போர்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகியாயிற்று. போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. நிரல் எழுதிப் போர்டில் ஏற்றும் மென்பொருளான ஐடிஈ-யில், போர்டு எந்த வழியில் இணைந்திருக்கிறது என்று காட்டும் போர்ட் மெனு மட்டும் மங்கிக் கிடக்கிறது. இந்த இடத்தில் பலரும் ஐடிஈ-யை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். அநேகமாக அது வீண் வேலை. போர்ட் பட்டியலை ஐடிஈ தானாக உண்டாக்குவதில்லை, விண்டோஸோ லினக்ஸோ கொடுப்பதை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கே தெரியாத போர்டு ஐடிஈ-க்கு எப்படித் தெரியும்?

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: செருகும் நொடியில் கம்ப்யூட்டரில் ஏதாவது அசைகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகி எடுங்கள். பட்டியல் ஒரு துடிப்புகூடத் துடிக்கவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ மின்சாரத்திலோ சாக்கெட்டிலோ இருக்கிறது. ‘அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று வந்தால் பேச்சு தொடங்கி நடுவில் அறுந்திருக்கிறது. சிப்பின் பெயரோடு மஞ்சள் முக்கோணம் வந்தால் டிரைவர் (சிப்போடு பேசக் கம்ப்யூட்டருக்குத் தேவையான மென்பொருள்) பிரச்சினை. ‘போர்ட்ஸ்’ தலைப்பின் கீழ் காம் எண் (காம்3 போல) வந்துவிட்டால் போர்டு தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் நிரல் ஏறவில்லை என்றால் அது வேறு நோய், வேறு மருந்து.

பட்டியல் அசையவே இல்லை

கேபிளைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. பவர் பேங்க், டிரிம்மர், இயர்பட்ஸ் பெட்டிகளில் வரும் கேபிள்கள் பலவற்றில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் உண்டு. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் மலிவு கேபிள்களும் பெரும்பாலும் இந்த இனம். போர்டில் விளக்கு எரிவது 5 வோல்ட் வந்து சேர்ந்ததற்கு மட்டுமே சாட்சி.

சோதிக்க எளிய வழி: அதே கேபிளில் போனை கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாருங்கள். ஃபைல் டிரான்ஸ்ஃபர் கேட்காமல் சார்ஜ் மட்டும் ஏறினால் அந்தக் கேபிள் இந்த வேலைக்கு ஆகாது. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டுக்குத் தேவைப்படும் பி டைப் கேபிளைப் போனில் செருக முடியாது. பிரிண்டருக்கும் அதே கேபிள்தான் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரிண்டரின் கேபிளைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பீப் நிலையில் வைத்து இரு முனைகளிலும் நடுப்பின்களைத் தொடலாம். பெரிய முனையில் 1-ம் பின் 5 வோல்ட், 2-ம் 3-ம் தகவல், 4-ம் பின் கிரவுண்ட். தொடும்போது கேபிளை முனையருகே வளைத்து ஆட்டுங்கள். விட்டுவிட்டுப் பீப் வந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

டைப் சி சாக்கெட் உள்ள மலிவுப் போர்டுகளில் ஒரு சிறு வஞ்சகம் உண்டு. சாக்கெட்டின் சிசி பின்களில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தயாரித்தவர் மிச்சம் பிடித்திருப்பார். சி-டு-சி கேபிளில் அந்தப் போர்டுக்கு 5 வோல்ட்டே வராது. ஒரு முனை பழைய ஏ டைப்பாக இருக்கும் கேபிளைப் போட்டால் விளக்கு எரியும். போர்டில் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஹப், டெஸ்க்டாப்பின் முன்பக்க ஓட்டை எல்லாவற்றையும் தவிர்த்து, லேப்டாப்பிலோ மதர்போர்டின் பின்பக்கத்திலோ நேராகச் செருகுங்கள்.

விளக்கும் எரியவில்லை என்றால் சென்சார், ரிலே, டிஸ்ப்ளே அத்தனை வயர்களையும் கழற்றிவிட்டு வெறும் போர்டைச் செருகுங்கள். இப்போது எரிந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறது. வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். ஊனோவில் யூஎஸ்பி வழியில் 500 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்று உண்டு. ஷார்ட் ஆனால் அது சூடாகி வழியை அடைத்துக்கொள்ளும், ஆறியதும் தானே திறக்கும். எனவே கழற்றிய கையோடு செருகிப் பார்த்துக் கைகழுவாமல் சில நிமிடம் பொறுங்கள். கேபிள் இல்லாத நிலையில் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் போர்டிலேயே ஷார்ட். செருகிய நிலையில் 5 வோல்ட் பின்னில் 4.5-க்குக் கீழே போனாலும், 3.3 பின்னில் 3.2-க்குக் கீழே போனாலும் மின்சாரம் எங்கோ பட்டினி கிடக்கிறது.

‘அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்’, கோடு 43

போர்டு இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, ‘நீ யார்’ என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. கேபிளை மாற்றியும் இதே செய்தி வந்தால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உப்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி, ராஜாக்கமங்கலம் துறை போன்ற கரையோர ஊர்களில் திறந்து கிடக்கும் போர்டின் மேல் காற்றிலிருந்து உப்பு படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் கரைந்த உப்பு மின்சாரம் கடத்தும். மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்டின் பின்களுக்கு நடுவே உள்ள தூரம் 0.65 மில்லிமீட்டர். அந்த இடுக்கில் ஒரு மெல்லிய ஈரப்படலம் போதும், தகவல் குழம்பிவிடும். கூடவே மலிவுப் போர்டுகளில் சால்டரிங்கில் சேர்த்துத் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பிசுக்கும் சேர்ந்துகொள்கிறது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற ஊர் நம்முடையது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் உப்பு இல்லாவிட்டாலும் ஈரம் குறைவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறையில் வெப்பம் அளக்க வைத்த போர்டென்றால் புகைக்கரியும் படிந்திருக்கும்.

போன் கேமராவைப் பெரிதாக்கி சாக்கெட்டின் பின்பக்கம், கம்ப்யூட்டரோடு பேசும் யூஎஸ்பி சிப்பின் கால்கள், அதற்குத் துடிப்பு கொடுக்கும் பக்கத்துக் கிரிஸ்டல் மூன்றையும் பாருங்கள். பச்சைப் பொருக்கோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் கழுவ வேண்டியதுதான். கேபிள், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். மென்மையான பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து, ஒரே திசையில் போர்டின் ஓரத்தை நோக்கித் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு இடம்தான் மாறும். கரைந்த அழுக்கை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டு, புது ஆல்கஹாலில் இன்னொரு தடவை. சாக்கெட்டுக்குள் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கேபிளைச் செருகி எடுத்தால் உள் பின்களும் துலங்கும். கேபிளின் மறுமுனை கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. பிறகு ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம். டபிள்யூடி-40, தேங்காய் எண்ணெய் போன்றவை பக்கத்திலேயே வர வேண்டாம், படலமாகத் தங்கித் தூசி சேர்க்கும்.

கழுவி வேலை செய்தபின் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் மெல்லிய பூச்சு) அடித்தால் நீண்ட நாள் தாங்கும். அடிக்கும் முன் யூஎஸ்பி சாக்கெட், ஹெடர் பின்கள், பட்டன்கள் மேல் டேப் ஒட்டுங்கள். டிஎச்டி22 போன்ற ஈரப்பதம் அளக்கும் சென்சாரின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. பயன்படுத்தாத போர்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவரில் வையுங்கள்.

உப்பு இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றால் சாக்கெட்டை விரலால் லேசாக அழுத்தியபடி டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் தெரிந்தால் ஈயம் விட்டிருக்கிறது. கொஞ்சம் ஃபிளக்ஸ் வைத்து, கூர்முனை அயர்னால் ஐந்து பின்களையும் சூடாக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். சிஎச்340ஜி சிப் உள்ள போர்டு கீழே விழுந்த பிறகு இந்தச் செய்தி வந்தால், பக்கத்திலிருக்கும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உடைந்திருக்கலாம். அதே குடும்பத்து சிஎச்340சி-க்குக் கிரிஸ்டல் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சள் முக்கோணம்

யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்பின் பெயரைப் படியுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை இரட்டைத் தட்டு தட்டி, டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். 1ஏ86:7523 என்றால் சிஎச்340. 10சி4:ஈஏ60 என்றால் சிபி2102. 0403:6001 என்றால் எஃப்டிடிஐ. 2341:0043 என்றால் அசல் ஊனோ ஆர்3. 303ஏ:1001 என்றால் ஈஎஸ்பி32-சி3, எஸ்3 போன்றவற்றின் உள்ளேயே இருக்கும் யூஎஸ்பி. டிரைவரை அந்தந்தச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ‘டிரைவர் பேக்’ என்று சுற்றும் மென்பொருள்கள் கூடவே எதையெல்லாம் ஏற்றும் என்று சொல்ல முடியாது.

கோடு 28 என்றால் டிரைவர் இல்லை, ஏற்றினால் சரி. சிஎச்340-இல் ஒரு விசித்திரம் உண்டு: காம் எண் வரும், முக்கோணம் இருக்காது, போர்ட்டைத் திறக்கப் போனால் மறுக்கும். போலிச் சிப் உள்ள போர்டுகளில் 3.8 வரிசை டிரைவர் இப்படிச் செய்கிறது. டிரைவர் பகுதியில் ‘ரோல் பேக்’ கொடுத்து 2019-இன் 3.5 பதிப்புக்கு இறங்கினால் தீரும். எஃப்டிடிஐ போலிகளுக்கு 2014-இல் இதைவிடக் கடுமையான அடி விழுந்தது. அப்போது வந்த விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்பின் அடையாள எண்ணையே 0000 என்று மாற்றி எழுதியது. பழைய ஆர்டுயினோ நானோ ஒன்று 0403:0000 என்று காட்டினால் காரணம் இதுதான்.

லினக்ஸில் இந்த டிரைவர்கள் கர்னலோடு வந்துவிடுகின்றன. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் மேலே சொன்ன எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தும் அனுமதி மறுப்பு வந்தால் உங்கள் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். வெறுமனே டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. உபுண்டு 22.04-இல் சிஎச்340 போர்டு ஒரு நொடி தோன்றி மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவியைத் தேடும் பிஆர்எல்டிடிஒய் என்னும் சேவை போர்டைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம்.

நேரடி யூஎஸ்பி போர்டுகள்

லியோனார்டோ, புரோ மைக்ரோ, ராஸ்பெரி பை பிக்கோ, ஈஎஸ்பி32-எஸ்3, சி3 போர்டுகளில் பல, இவற்றில் தனி யூஎஸ்பி சிப் கிடையாது. நீங்கள் எழுதிய நிரல் ஓடும் சிப்பேதான் யூஎஸ்பியையும் பேசுகிறது. நிரல் தொங்கினாலோ தூங்கப் போனாலோ போர்டே மறைந்துவிடலாம். செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். லியோனார்டோவில் ரீசெட்டைத் தட்டினால் பூட்லோடர் (புது நிரலை ஏற்றிக்கொள்ளும் சிறு நிரல்) சுமார் 8 வினாடி காத்திருக்கும், அதற்குள் அப்லோடு தொடங்க வேண்டும். சில புரோ மைக்ரோக்களுக்கு அடுத்தடுத்து இரண்டு தட்டு தேவை. எஸ்3, சி3-இல் பூட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ரீசெட்டைத் தட்டி விடுங்கள். பிக்கோவில் பூட்செல் பட்டனை அழுத்தியபடியே கேபிளைச் செருகினால் பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் திறக்கும்.

தெரிந்து, பிறகு காணாமல் போவது

தோட்டத்து மோட்டார், டேங்க் நிரப்பும் பம்பு இவற்றை ரிலே வழியாக ஓட்டுபவர்களுக்கு இது பழகியது: ரிலே ‘டிக்’ என்றதும் காம் போர்ட் மறைந்துவிடும். மோட்டாரை இயக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயில் அணையும்போது எழும் மின்வீச்சுதான் காரணம். ரிலேவுக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, மாட்யூலில் ஜேடி-விசிசி ஜம்பர் (ரிலே மின்சாரத்தையும் போர்டு மின்சாரத்தையும் சேர்க்கும் சிறு இணைப்பு) இருந்தால் அதைக் கழற்றி, கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே மின்வீச்சை உறிஞ்சும் ஸ்னப்பர் போடுங்கள். இன்னொன்று, இதில் சமரசமே கூடாது: 230 வோல்ட் உள்ள பெட்டியில் கரண்டு இருக்கும்போது யூஎஸ்பி கேபிளைச் செருகாதீர்கள். ஃபேஸ் எங்காவது ஒழுகியிருந்தால் அது லேப்டாப்புக்கும் உங்கள் கைக்கும் வரும். இடி மின்னல் நேரத்திலும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

காம் எண் இருக்கிறது, நிரல் ஏறவில்லை

சுருக்கமாக: சீரியல் மானிட்டரைத் திறந்து வைத்திருக்கும் வேறு மென்பொருளை மூடுங்கள். ஊனோவில் 0, 1 பின்களில் உள்ள வயர்களைக் கழற்றுங்கள். நானோ நகலென்றால் புராசசரில் ‘ஓல்டு பூட்லோடர்’ தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஈஎஸ்பி32 ‘கனெக்டிங்’ என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால் பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். தினமும் அழுத்த அலுப்பாக இருந்தால் ஈஎன் (ரீசெட்) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடலாம்.

யூஎஸ்பி சிப் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஊனோவில் ஒரு சோதனை: ரீசெட்டைக் கிரவுண்டோடு இணைத்து, 0-வையும் 1-ஐயும் ஒரு வயரால் சேருங்கள். சீரியல் மானிட்டரில் தட்டச்சியது அப்படியே திரும்பி வந்தால் யூஎஸ்பி பக்கம் நலம், பிழை நிரல் ஓடும் பெரிய சிப்பிலோ அதன் பூட்லோடரிலோ இருக்கிறது.

யூஎஸ்பி சிப்தான் போய்விட்டது என்று உறுதியானாலும் போர்டைக் குப்பையில் போட வேண்டாம். புதுப் போர்டு திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வந்து சேரும்வரை யூஎஸ்பி சிப்பின் இடத்தில் ஒரு யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூல் வேலையை நடத்தும். மாட்யூலின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. ஊனோ என்றால் டிடிஆர் பின்னிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்கு ஒரு வயர். ஈஎஸ்பி32 என்றால் மாட்யூலின் ஜம்பரை 3.3 வோல்ட்டில் வைப்பது கட்டாயம், 5 வோல்ட் சிக்னல் அதன் பின்களைக் கெடுக்கும். ஜிபிஐஓ 0-வைக் கிரவுண்டில் வைத்து ஈஎன்-ஐத் தட்டி அப்லோடு செய்யுங்கள். ஏறி முடிந்ததும் ஜிபிஐஓ 0-வைக் கழற்றி ஈஎன்-ஐ இன்னொரு முறை தட்டினால் நிரல் ஓடத் தொடங்கும்.